தூசி படியாத மயில்

மனிதர்களில் கம்பி வளைப்பவர் என்று ஓர் இனம் உண்டு. கம்பி நீட்டுகிறவர் வேறு, கம்பி எண்ணுகிறவர் வேறு. அவர்களையெல்லாம் போலீஸ் பார்த்துக்கொள்ளும். கம்பி வளைப்பவரை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படி யாரையும் நான் பார்த்ததில்லையே என்கிறீர்களா? உங்கள் வீட்டில் அண்மையில் ஒரு குடையோ, ஒரு கரண்டியோ, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒரு கடிகாரமோ காணாமல் போயிருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். போயிருந்தால், அவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று பொருள்.

இவரைப் பழைய சாமான்காரரோடு சேர்த்துவிடக் கூடாது. பழைய சாமான்காரர் உடைந்ததை மட்டுமே எடுத்துப் போவார். நம்மவர் உடையப்போவதையும் எடுத்துக்கொள்வார். மத்தி மீன் டின்னைப் பார்த்தால் உங்களுக்குப் பசி எடுக்கும். அவருக்கு அதில் ஒரு வயிறு தெரியும், அந்த வயிற்றுக்கு நாலு கால் தெரியும், கால்களுக்கு வேண்டிய கம்பி உங்கள் சைக்கிள் சக்கரத்தில் இருப்பதும் தெரியும். காற்றில் உங்கள் குடை மேல்நோக்கி மடங்கிக்கொண்டால் நீங்கள் வருத்தப்படுவீர்கள். பக்கத்தில் நிற்கும் அவரும் உச்சுக்கொட்டத்தான் செய்வார். ஆனால் கண்கள் குடைக்கம்பிகளை எண்ணிக்கொண்டிருக்கும்.

இந்த இனத்தின் நல்ல மாதிரி ஒன்றைக் காண வேண்டுமானால் பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றுக்கு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்றாம் ஆண்டுக்கு, நீங்கள் வர வேண்டும். பெயர் அந்தோணிதாஸ். தோட்டத்து ஆலையில் ஃபிட்டர் வேலை. காலையில் ஆறு மணிக்கு வேலைக்குப் போய் மாலையில் திரும்பும்போது, கால்சட்டைப் பையில் மங்குக் கம்பி நாலு முழமாவது இருக்கும். பால் வடியும் மங்கு என்கிற கிண்ணத்தை மரத்தோடு சேர்த்துக் கட்டி வைக்கிற கம்பி அது. வெட்டி ஓய்ந்த கிழட்டு மரங்களிலிருந்துதான் எடுப்பார். அந்த வகையில் நேர்மையானவர். வீட்டுச் சாமான்கள் விஷயத்தில்தான் கிழடு, குமரி என்ற பேதம் பார்க்கமாட்டார். அதை அவர் மனைவி அகத்தாவிடம் கேட்டால் தெரியும்.

"என்னங்க, டீ வடிகட்டி எங்க?"

"எந்த வடிகட்டி?"

"நேத்து ஆணியில மாட்டியிருந்தேனே, அது."

"அது ரோசாக் ஆயிருச்சு அகத்தா, கெட்டுப் போச்சு."

"நல்லாத்தானே இருந்திச்சு லா!"

"பிடி ஆடுச்சு. இப்ப ஆடாது. வந்து பாரு."

அகத்தா வந்து பார்ப்பாள். வடிகட்டி ஓர் ஆமைக்கு முதுகாகியிருக்கும். பிடி உண்மையிலேயே ஆடாது. அது இப்போது ஆமையின் கழுத்து.

செய்வதோடு நின்றால் யாருக்கும் துன்பமில்லை. ஆனால் கம்பி வளைப்பவர் பரீட்சை வைப்பார். செய்த உருவத்தை உங்கள் முன்னால் வைத்து, இரண்டு அடி பின்னால் போய், கையைக் கட்டிக்கொண்டு, "இது என்னன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்பார். இதுவரை யாரும் தேறாத பரீட்சை இது. நாய் என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் கண்பார்வைக்காக இரக்கப்பட்டுத் தலையைச் சாய்ப்பார். "உத்துப் பாருங்க" என்பார். குதிரையா? "கழுத்தப் பாருங்க." கொக்கா? பெருமூச்சு விடுவார். கடைசியில் அவரே "மான்" என்று அறிவிக்கும்போது, அட ஆமாம், எனக்கு ஏன் தோன்றவில்லை என்று உங்கள் நெற்றியில் நீங்களே அடித்துக்கொள்ள வேண்டும். அதுதான் முறை. வரிசையின் முதல் வீட்டுச் சின்னையா ஒருநாள் கெட்டிக்காரத்தனமாக, "நமக்கெல்லாம் எங்கண்ணே தெரியும், நீங்களே சொல்லிருங்க" என்று தப்பிக்கப் பார்த்தார். அந்தோணிதாஸ் உட்கார்ந்து, கொம்பு எந்தக் குடையில் இருந்தது, குளம்பு எந்தச் சோடா மூடி என்று கணு கணுவாக விளக்கி முடித்தபோது சின்னையாவின் சோறு ஆறிப் போயிருந்தது.

அப்புறம், கொடுப்பார். அதுதான் முக்கியம். கல்யாணம், ஞானஸ்நானம், காதுகுத்து, எதுவானாலும் சரி, மற்றவர்கள் வெந்நீர் பிளாஸ்கும் சுவர்க் கடிகாரமும் கொண்டு வரும் இடத்துக்கு இவர் செய்தித்தாளில் சுற்றிய ஒரு விலங்கைக் கொண்டு வருவார். இப்படியே பதினைந்து ஆண்டுகளில், அவர் வீடு நீங்கலாக ஐந்து வீடுகள் கொண்ட அந்த வரிசைக்குள் மட்டும் முப்பது விலங்குகள் குடியேறின. அவற்றின் கதி என்ன? சில துருப்பிடித்து இற்றுப் போயின. ஒன்றின் மேல் பாகற்கொடி ஏறிக் காய்த்துத் தொங்கியது. ஒன்று அடைகாக்கும் கோழிக்கு மூடியானது. சில, பூப்போட்ட காகிதத்தில் மறுபடி சுற்றப்பட்டு, கோத்தா கோலா மூடா ஊரில் இருந்த தூரத்து உறவுக்காரர் கல்யாணங்களுக்குப் போயின. போனவை திரும்பவில்லை. கடைசியில் நிமிர்ந்து நிற்கும் நிலையில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. சின்னையா அதன் தலையில் தன் தொப்பியை மாட்டி வைத்திருந்ததால் அது பிழைத்தது. அதற்கு ஒரு கண் சிவப்புச் சோடா மூடி, மறு கண் வெள்ளைச் சட்டைப் பொத்தான்.

இதெல்லாம் அந்தோணிதாஸுக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவள் அகத்தா. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவர் வெள்ளைச் சட்டை போட்டு, ஏதாவது ஒரு வீட்டுக்குப் பேசப் போவார். அவர் சட்டையைத் தேடும்போதே அகத்தா பின்பக்கக் கொடியில் சிவப்புத் துண்டு ஒன்றைக் காயப்போட்டுவிட்டு, அதைக் கண்டு எட்டிப் பார்க்கிற அக்கம்பக்கத்தாருக்கு எந்த வீடு என்பதைக் கையால் காட்டிவிடுவாள். உடனே சின்னையாவின் தொப்பி கழற்றப்படும். பின்வாசல் வழியாக அந்த ஒற்றை விலங்கு அன்றைய வீட்டுக்குப் போய், அலமாரி மேல் ஏறி, மூச்சுக் காட்டாமல் நிற்கும். அவர் வந்து, விரலால் அதன் முதுகைத் தடவிப் பார்த்து, வீடு திரும்பியதும் மனைவியிடம் சொல்வார்.

"ஒரு பொட்டு தூசி இல்ல அகத்தா. தினமும் தொடைக்கிறாங்க போலருக்கு."

"பின்னே? நீங்க செஞ்சதாச்சே" என்பாள் அகத்தா. அவளுக்கு அவர்மேல் அவ்வளவு பிரியம். அதோடு கொஞ்சம் பாவமாகவும் இருக்கும். தன் கைவேலை அப்படியல்ல என்பதில் அவளுக்குத் தனித் திருப்தி. கிறிஸ்துமஸுக்கு அவள் கரியடுப்பில் சுட்டு வீடு வீடாகக் கொடுக்கும் கறுப்புக் கேக், கொடுத்த மறுநாளே தீர்ந்துவிட்டதாக எல்லோரும் சொல்வார்கள்.

இப்படி எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது மகள் ஜெனவீவுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை மோரிஸ், ஜித்ராவில் பள்ளி ஆசிரியர். அவன் அப்பா எர்னஸ்ட் அரசாங்க அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. பெண் பார்க்க வந்தபோது காலுறையோடு வந்தவர். அந்தக் காலுறையை நினைத்தாலே அகத்தாவுக்கு நெஞ்சு படபடக்கும். பெண்ணோடு ஒரு தையல் இயந்திரம் அனுப்ப வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்க, அந்தோணிதாஸ் ஒரு மாதம் ஆலை விட்டதும் கொல்லையிலேயே இருந்து, ஒருநாள் சாக்குத் துணியை விலக்கிக் காட்டினார்.

மயில். மூன்றரை அடி உயரம். மூன்று குடைகளின் கம்பி தோகையாக விரிந்திருந்தது. அலகு, அகத்தா இரண்டு வாரமாகத் தேடிக்கொண்டிருந்த கரண்டி. கழுத்தில் ஒரு சைக்கிள் மணி. தொட்டால் கிணுங்கியது.

"ஜெனவீவ் வீட்டுல டிவி மேல வைக்கலாம். இது என்னன்னு..."

"தெரியுது, மயிலு" என்றாள் அகத்தா. "இது ஜித்ராவுக்குப் போகக் கூடாதுங்க. அவங்க படிச்சவங்க. குப்பை பொறுக்கிற வீட்டுப் பொண்ணுன்னு நம்ம புள்ளய ஒரு வார்த்தை சொல்லிட்டா, அது அங்க எப்படி வாழும்?"

அந்தோணிதாஸ் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். "இந்த வரிசையில அஞ்சு வீடு இருக்கு" என்றார். "அஞ்சுலயும் நான் கொடுத்தத அலமாரி மேல வச்சிருக்காங்க. நாளைக்குப் பத்திரிகை வைக்கப் போறோம்ல, நீயே வந்து பாரு. ஒரு வீட்டுல இல்லன்னாலும் மயிலு போகாது. அதோட இந்தக் குறடையும் தூக்கி ஆத்துல போட்டுர்றேன்."

அகத்தாவுக்கு ஒரே நேரத்தில் மகிழ்ச்சியும் குற்ற உணர்ச்சியும் வந்தன. இதுவரை அவர் ஒரு நாளைக்கு ஒரு வீட்டுக்குத்தான் போயிருக்கிறார். கல்யாணப் பத்திரிகையோ ஒரே நாளில் எல்லா வீட்டிலும் வைத்தாக வேண்டும். விலங்கு ஒன்று, வீடு ஐந்து. அவள் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. சிவப்புத் துண்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால் போதும். பூட்டினாள்.

மறுநாள் இருவரும் தட்டில் பத்திரிகையும் வெற்றிலை பாக்கும் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். முதல் வீடு சின்னையா வீடு. விலங்கு அங்கேயே குடியிருப்பதால் தொப்பியை மட்டும் கழற்ற வேண்டியிருந்தது. "மான், எப்படி நிக்குது பாத்தியா" என்றார் அந்தோணிதாஸ். அகத்தா தலையாட்டினாள். அடுத்த வீட்டில்தான் குட்டு உடையப் போகிறது என்று நினைத்துக்கொண்டாள். அடுத்தது அழகம்மா வீடு. அழகம்மாவின் விலங்குதான் கோழிமேல் கவிழ்ந்திருக்கிறதே.

அழகம்மா சிரித்த முகமாகக் கதவைத் திறந்தாள். அலமாரி மேல் விலங்கு நின்றது.

அகத்தா பொத்தான் கண்ணையும் சிவப்பு மூடிக் கண்ணையும் பார்த்தாள். பதினைந்து ஆண்டுகள் துண்டு காயப்போட்டுப் பழக்கிய வரிசை அது. பட்டுச் சேலையும் வெள்ளைச் சட்டையுமாகத் தாம்பூலத் தட்டோடு இருவர் இறங்கினால், துண்டு இல்லாமலே புரிந்துகொள்ளாதா?

"உனக்குக் குதிரைல்ல கொடுத்தேன்" என்று அந்தோணிதாஸ் அதன் முதுகைத் தடவினார். "பிடரி அப்படியே இருக்கு."

இதுதான் இந்த இனத்தின் விந்தை. முதல் வீட்டில் அது மான். இரண்டாம் வீட்டில் குதிரை. மூன்றாவது வீட்டில், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற பிரேமாவதியின் அலமாரி மேல் அதே விலங்கு வெள்ளாடாக நின்றது. "தாடி வைக்க எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா" என்றார். தாடி எதுவும் இல்லை. நீங்களும் நானும் கண் முன்னால் இருப்பதைப் பார்க்கிறோம். அவர் தாம் செய்ய நினைத்ததைப் பார்க்கிறார். அப்படிப்பட்டவரை ஏமாற்றுவதற்குப் பெரிய திறமை தேவையில்லை. ஓடத் தெரிந்தால் போதும்.

நான்காவது வீட்டில் ஓட்டம் பிசகியது. பிச்சையம்மாள் வீட்டு அலமாரி மேல் விலங்கு மூன்று காலில் சுவரோடு சாய்ந்து நின்றது. நாலாவது கால் பிச்சையம்மாளின் முந்தானைக்குள் இருந்தது.

"கால் எப்படிப் போச்சு?"

"பூனை தட்டி விட்டுருச்சுண்ணே."

"அட, இதுக்குப் போயி முகத்த இப்படி வச்சுக்கிட்டு. கொண்டா." அந்தோணிதாஸ் வெள்ளைச் சட்டைப் பையிலிருந்து குறடை எடுத்தார். இந்த இனத்தார் குறடு இல்லாமல் கோயிலுக்குக்கூடப் போகமாட்டார்கள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விலங்கை மடியில் கிடத்தி, வேலையைத் தொடங்கினார்.

அகத்தா சன்னல் வழியாகப் பின்பக்கம் பார்த்தாள். கடைசி வீட்டு இராசாத்தி வாய்க்கால் ஓரத்தில், ஏந்திய கையோடு நின்றிருந்தாள். கண்ணால் "எங்கேக்கா?" என்று கேட்டாள். அவள் அலமாரி காலி. இனி விலங்கு வந்து சேர வழியே இல்லை. காலைக் கட்டி முடித்து அவர் எழுந்து நேராக அங்கே போவார். மயில் நின்றுவிடும். மகள் மானம் பிழைக்கும். பத்தடி தூரம்தான் பாக்கி.

"அடுத்தது இராசாத்தி வீடு" என்றார் அந்தோணிதாஸ், தலை நிமிராமல், கம்பியை முறுக்கிக்கொண்டே. "அவளுக்குக் கொடுத்தது யானை. அவ புருசன் செத்துப்போன வருசம் செஞ்சது. அந்த வீட்டுப் புள்ளைங்க ரெண்டு மாசமா சிரிக்கலன்னு நீதானே சொன்ன? யானையப் பாத்துச் சிரிச்சுச்சுங்கல்ல?"

சிரித்தன. அகத்தாவுக்கு நன்றாக நினைவிருந்தது. அது யானையைப் போலவே இல்லை என்றுதான் சிரித்தன. ஆனாலும் சிரித்தன. குனிந்திருந்த அவர் பிடரியில் நரைமுடி வியர்வையில் ஒட்டியிருந்தது. இந்த மனிதர் குறடை ஆற்றில் போட்டுவிட்டு வந்து வீட்டில் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தாள். அவளால் பொறுக்க முடியவில்லை.

"முடிஞ்சுச்சா? குடுங்க" என்றாள். "ஒரே ஒட்டடையா இருக்கு. பின்னால பைப்புல கழுவிட்டு வர்றேன். நீங்க உக்காந்து டீ குடிங்க."

விலங்கை வாங்கிக்கொண்டு பின்வாசலில் இறங்கினாள். பைப்படியில் பேருக்குத் தண்ணீரைக் காட்டினாள். பிறகு ஒரு கையில் பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மணமகளின் தாயார், வாய்க்காலைத் தாண்டி ஓடினாள்.

"அக்கா, நீங்களா!"

"வாய மூடிட்டு அலமாரி மேல வை. கேட்டா யானைன்னு சொல்லு."

"இதுல தும்பிக்கை எங்கக்கா இருக்கு?"

"நீ சொல்லு. அவரு பாத்துக்குவாரு."

பிச்சையம்மாள் தன் வீட்டு விலங்கு வெயிலில் காய்வதாகச் சொல்லி அவரை முன்வாசல் வழியாக அனுப்பி வைத்தாள். அதற்குள் அகத்தாவும் முன்பக்கம் சுற்றி வந்து சேர்ந்துகொண்டாள். அவர் இராசாத்தி வீட்டுக்குள் வந்து, வழக்கம்போல் இரண்டு அடி பின்னால் போய்க் கையைக் கட்டினார்.

"இராசாத்தி, இது என்னன்னு சொல்லு பாக்கலாம்."

"யானைண்ணே."

பதினைந்து ஆண்டுகளில் முதல் முறையாக வெளி ஆள் ஒருவர் தேறிவிட்டார். அந்தோணிதாஸின் கண் கலங்கியது. கிட்டப்போய் விலங்கின் காலைத் தொட்டுப் பார்த்தார். "பாத்தியா அகத்தா, கட்டு எவ்வளவு கெட்டியா இருக்கு. எட்டு வருசத்துக்கு முந்திக் கட்டுனது. அசையல." பிறகு விரலைத் தேய்த்தார். "ஈரமா இருக்கே?"

"தினமும் கழுவுறேண்ணே" என்றாள் இராசாத்தி.

மயில் ஜித்ராவுக்குப் போயிற்று. டாக்சியின் மேல் கட்டிக்கொண்டு போனார்கள். மேடு பள்ளம் வந்தபோதெல்லாம் மணி அடித்தது. ஒவ்வொரு முறை அடித்தபோதும் அகத்தா கண்ணை மூடி ஓர் அருள் நிறைந்த மரியே செபம் சொன்னாள்.

நாலு மாதம் அவள் சரியாகத் தூங்கவில்லை. ஜெனவீவ் கடிதத்தில் எல்லாம் நலம் என்று எழுதினாள். எந்தப் பெண்தான் நலமில்லை என்று எழுதுகிறாள்? கிறிஸ்துமஸுக்கு முன்னால் மோரிஸ் வந்து அகத்தாவின் கேக்கை வாங்கிப் போனான். அவன் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. புது வருடத்தன்று அவளால் பொறுக்க முடியாமல், சொல்லாமல் கொள்ளாமல் புருஷனையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

ஜித்ரா வீட்டின் வெளிக்கதவில் கைவைத்தபோது உள்ளே திரைச்சீலை அசைந்தது. "வந்துட்டாங்க!" என்று யாரோ அடங்கிய குரலில் கத்தினார்கள். அப்புறம் அகத்தாவுக்கு ஒரு சத்தம் கேட்டது. சைக்கிள் மணி. கிணிங், என்று வீட்டின் பின்பக்கம் ஒருமுறை. கிணிங், என்று நடுவில் ஒருமுறை. கிணிங் கிணிங், என்று கூடத்தில். அந்தோணிதாஸ் குனிந்து செருப்பு வாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

உள்ளே போனார்கள். டிவி மேல் மயில் நின்றது. பக்கத்தில் சம்பந்தி எர்னஸ்ட், அரசாங்கக் கிராணி, காலுறைக்காரர், மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அவர் சட்டையில் ஒட்டடை. டிவி மேல் இருந்திருக்க வேண்டிய பூச்சாடி அவர் காலுக்குப் பின்னால் தரையில் இருந்தது.

அந்தோணிதாஸ் தோகையில் விரலை ஓட்டினார். "தூசியே இல்ல."

"தினமும் தொடைக்கிறோம் சம்பந்தி" என்றார் எர்னஸ்ட்.

அகத்தா உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கம்பி வளைக்கும் ஒரு கிழவனுடைய மனம் நோகக் கூடாது என்று ஓடுகிற வீட்டில் தன் மகள் இருக்கிறாள். தையல் இயந்திரம் அனுப்பியிருந்தால் இது தெரிந்திருக்காது. தன் வரிசை பதினைந்து வருடத்தில் கற்றுக்கொண்டதை இவர்கள் நாலே மாதத்தில் கற்றிருக்கிறார்கள். இனி நிம்மதியாகத் தூங்கலாம். பாவம் இந்த மனுஷன், இவருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது என்று புருஷனைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

அப்போது எர்னஸ்டின் மனைவி கேதரின் தேநீரோடு வந்தாள். "சம்பந்தி, உங்க கேக்கு இருக்கே! ஒரே நாள்ல தீந்துருச்சு. புள்ளைங்க சண்டை போட்டுச் சாப்பிட்டாங்க!"

அகத்தாவின் முகம் மலர்ந்தது. "சின்னக் கேக்குதானே கொடுத்தேன். அடுத்த வருசம் ரெண்டா சுட்டுத் தர்றேன்" என்றாள். சொல்லிவிட்டுச் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். கொல்லையில் ஐந்தாறு கோழிகள் கறுப்பான எதையோ சுற்றி நின்று கொத்திப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாக விலகிப் போய்க்கொண்டிருந்தன. இந்த ஜித்ராவில் கோழிக்கு என்னத்தைத்தான் போடுகிறார்களோ என்று நினைத்துக்கொண்டு தேநீரைக் குடித்தாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நமக்குக் கம்பி வளைக்கத் தெரியாது, கேக் சுடவும் தெரியாது என்று நிம்மதியாகச் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் நீங்கள் போட்டுக் கொடுத்த ஊறுகாய்? பின்னிக் கொடுத்த மேசைவிரிப்பு? மைத்துனன் கல்யாணத்துக்கு எழுதிச் சட்டம் போட்டுக் கொடுத்த வாழ்த்துப்பா? அடுத்த முறை அந்த வீட்டுக்குப் போகும்போது, நீங்கள் கொடுத்ததன் மேல் விரலை வைத்துப் பாருங்கள். தூசி இருந்தால் மகிழுங்கள். அது அங்கேயே இருந்திருக்கிறது. தூசியே இல்லை என்றால், ஒன்றும் கேட்காதீர்கள். அதற்கடுத்த முறை வாசலில் செருப்பைக் கொஞ்சம் மெதுவாகக் கழற்றுங்கள். அவர்களுக்கும் மூச்சு வாங்க நேரம் வேண்டும்.